புதுப்பிப்பு: ஆன்லைனில் பழைய எல்பி, சிடி வாங்குவது

முந்தைய பதிவில் ‘விஜி பிளஸ்’ (VG+, ‘மிக நன்று’க்கும் ஒரு படி மேல் என்று விற்பவர் போடும் தரம்) என்றால் நம்பி வாங்கலாம் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். தரம் கண்ணால் பார்த்துப் போட்டதா, ஓடவிட்டுக் கேட்டுப் போட்டதா என்று முதலில் கேளுங்கள். தேய்ந்த ஊசி பள்ளங்களை அரித்த தட்டும் பார்க்கப் பளபளப்பாகவே இருக்கலாம். சத்தமான இடங்களிலும் கடைசிப் பாட்டிலும்தான் கரகரக்கும். விளக்கொளி சாய்வாக விழும் படம் கேளுங்கள், நேர்ப்படத்தில் மெல்லிய கீறல் தெரியாது. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் உள்ள மேட்ரிக்ஸ் எண்ணும் (எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்) வேண்டும், இரு பக்கமும். பழைய அட்டைக்குள் மறுபதிப்பு இருக்கலாம்.

பேக்கிங்கில் விட்டுக்கொடுக்காதீர்கள். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கி அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும்.

சிடி எளிது. அடிப்பக்கம் நீலமோ பச்சையோ அடித்தால் பெரும்பாலும் வீட்டில் எழுதிய சிடிஆர். பிரிட்டனின் பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சானவற்றில் பல பழுப்பேறிக் கெட்டிருக்கின்றன. கேடு வெளிவிளிம்பில் தொடங்கும். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதால், வந்ததும் கடைசிப் பாட்டை முழுதாகக் கேளுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.