மறு: ‘உயிர்க்கரி’ வேண்டாமே – மூங்கில் கரி நீர்வடிகட்டிக் கையேட்டுச் சொற்கள்

> பயோசாருக்கு (மூங்கில் போன்ற தாவரப்பொருளைக் காற்றில்லாமல் சுட்ட கரி) ‘உயிர்க்கரி’ என்றும், ஆக்டிவேட்டட் கார்பனுக்கு (துளைகளை மேலும் திறந்துவிட்ட கரி) ‘உயிர்ப்பூட்டிய கரி’ என்றும் கையேட்டில் போட்டிருக்கிறோம். யாருக்கேனும் மறுப்பு உண்டா?

வணக்கம். எனக்கு மறுப்பு உண்டு. இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் நின்றால், படிப்பவர் இரண்டையும் ஒரே பொருளாகத்தான் எடுத்துக்கொள்வார். அவை ஒன்றல்ல. 600 டிகிரியில் சுட்ட மூங்கில் கரிக்கு ஒரு கிராமுக்குப் பொதுவாகச் சில நூறு சதுர மீட்டர் பரப்புதான் (மாசு ஒட்டிக்கொள்ளும் துளைச்சுவர்ப் பரப்பு) இருக்கும். அதே கரியை 800–900 டிகிரியில் நீராவி செலுத்தித் துளைகளைத் திறந்தால் பரப்பு பல மடங்காகிறது. கடையில் விற்கும் நல்ல சரக்கு கிராமுக்கு 800-இலிருந்து 1,200 சதுர மீட்டர் வரை இருக்கும். பெயரை நம்பி, விலைக்கு வாங்கும் கரியின் அளவிலேயே மூங்கில் கரியைக் குழாயில் நிரப்புகிறவருக்கு எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் வடிகட்டி தீர்ந்துபோகும். தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே வரும் என்பதால் அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

இன்னொன்று: உயிர்வளி (ஆக்சிஜன்) என்ற சொல்லைப் பழகியவருக்கு ‘உயிர்க்கரி’ என்றால் உயிர் கொடுக்கும் கரி என்றே படும். நாம் சொல்ல வருவது உயிரிப்பொருளிலிருந்து வந்த கரி. உயிரி எரிபொருள், உயிரி டீசல் என்று ஏற்கெனவே வழங்குகிற வரிசையில் உயிரிக்கரி என்று வைத்தால் போதும். ஆக்டிவேட்டட் கார்பனுக்கு கிளர்வுற்ற கரி. கிளர்வுறு ஆற்றல் என்று பள்ளியிலேயே படித்திருப்பதால் அது விளங்கும். இலங்கையில் அதே ஆற்றலை ஏவற்சக்தி என்பார்கள். அங்குள்ள வாசகருக்காக ‘ஏவிய கரி’ என்று சொல்லடைவில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

---

> உயிரிக்கரி என்று வைத்தால் போதும்.

அன்புள்ள ஐயா, உங்கள் காரணங்களை ஏற்கிறேன். ஆனாலும் நம் ஊரில் கரி சுடுகிறவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்றுத்துளையைத் திறந்தும் அடைத்தும் நாள்கணக்கில் புகையவிடுவதைக் கரிமூட்டம் என்கிறார்கள். பைராலிசிஸுக்கு (காற்றில்லாமல் சூடாக்கிக் கரியாக்குவது) ‘வெப்பச் சிதைவு’ என்று எழுதுவதைவிட ‘மூட்டம்’ என்றால் எல்லாருக்கும் புரியும். பொருளையும் ‘மூட்டக்கரி’ என்றே சொல்லிவிடலாமே?

அட்சார்ப்ஷனையும் (பரப்பில் ஒட்டிக்கொள்வதற்கான சொல்) இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். கையேட்டில் நான்கு இடத்தில் ‘உறிஞ்சுகிறது’ என்று வருகிறது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு, கரியின் துளைச்சுவரில் சாய மூலக்கூறு ஒட்டிக்கொள்வது வேறு. இங்கே பரப்புக் கவர்தல், இலங்கையில் புறத்துறிஞ்சல். உறிஞ்சுதல் என்று எழுதினால், ‘பிழிந்து வெயிலில் காயவைத்தால் மறுபடி பயன்படுமா’ என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், நாம் எழுதிய சொல் அப்படி.

---

> பொருளையும் ‘மூட்டக்கரி’ என்றே சொல்லிவிடலாமே?

மூட்டம் என்ற சொல் எனக்கும் பிடிக்கும். செயலுக்கு அதை வைத்துக்கொள்வோம். பொருளுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. மூட்டத்தில் வருவது அடுப்புக்கான கரி. மேட்டின் நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. ஓரத்துக் கட்டையில் தார் தங்கிவிடும். எஞ்சும் ஆவிப்பொருள் கரி சட்டென்று பற்ற உதவுவதால் அடுப்புக்கு அது நல்லது. நீருக்கு அதுவே கேடு. தாரிலுள்ள பீனால் தண்ணீரில் இறங்கி, பிறகு குளோரின் போட்டதும் மருந்துக்கடை நாற்றம் அடிக்கும்.

அதனால் கையேட்டில் மூடுகலம் என்ற சொல் தேவைப்படுகிறது. 200 லிட்டர் டிரம்முக்குள் மூடியுள்ள சிறு கலம். அதன் அடியில் துளைகள். வெளியே எரியும் தீ கலத்தைச் சுடும்; உள்ளிருந்து வரும் வாயு துளை வழியே இறங்கி அதே தீயில் எரியும். முதலில் வெள்ளைப்புகை, அது நீராவி. பிறகு கண்ணை எரிக்கும் மஞ்சள்புகை. அடுத்து வாயு தானே எரியத் தொடங்கும். துளைகளில் தீநாக்கு அடங்கினால் கரியாக்கம் முடிகிறது என்று பொருள். அதன்பின்னும் 600 டிகிரியில் ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். இந்த நேரத்துக்குத் தங்குநேரம் என்று நான் எழுதியிருக்கிறேன். கே வகைத் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கருவி) ஒன்றைக் கலத்தின் நடுவில் செருகாமல் வெளித்தீயைப் பார்த்துச் சூட்டை மதிப்பிடக் கூடாது.

மூங்கிலைப் பற்றி ஒரு வரி விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டேன்: மூன்று வயதுக்கு மேற்பட்ட கழி, கணுவோடு கணுவாகப் பிளந்தது, ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழ். பிளக்காமல் போட்டால் கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்றும் நீராவியும் கழியை வெடிக்கவைக்கும். மூடியே தூக்கி எறியப்படலாம். 20 கிலோ காய்ந்த மூங்கிலுக்கு 5 முதல் 6 கிலோ கரி கிடைக்கும். கலம் முழுவதும் ஆறும்வரை, ஓர் இரவாவது, திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு மொத்தமும் சாம்பலாகும்.

தார் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. ஒரு துண்டை உள்ளங்கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். கறுப்பு போய்விட்டால் நன்றாகச் சுட்டது. பிசுபிசுத்து, சோப்பு கேட்டால் அந்தச் சுடுகையை வடிகட்டிக்கு எடுக்க வேண்டாம். மறுபடி மூடுகலத்தில் போடுங்கள். உயிரிக்கரிக்கு வரையறை எழுதும்போது ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள மோல் விகிதம் (அணு எண்ணிக்கை விகிதம்) 0.7-ஐத் தாண்டக்கூடாது என்ற பன்னாட்டு அளவையும் சேர்க்கலாம். பெயர் எதுவானாலும் அடுப்புக்கரியிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட எண்ணால் ஆன கோடு ஒன்று வேண்டும்.

---

மூட்டம், மூடுகலம், தங்குநேரம் மூன்றும் சரி. மூட்டக்கரியை விட்டுவிடுகிறேன்.

தங்குநேரம் என்பதை நீருக்கும் போட்டிருக்கிறீர்கள். அங்கே மாற்ற வேண்டும். கரி சூட்டில் தங்குவது தங்குநேரம், நீர் கரிப்படுகையைக் கடக்க எடுப்பது தொடுநேரம் என்று பிரித்துக்கொள்வோம். உள்விட்டம் 15 செ.மீ. குழாயில் 60 செ.மீ. உயரம் கரி நிரப்பினால் படுகை 10 லிட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 40 லிட்டர் விட்டால் தொடுநேரம் ஏறக்குறைய 16 நிமிடம். வால்வை முழுக்கத் திறந்துவிட்டு ‘கரி வேலை செய்யவில்லை’ என்பவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

கரியை 0.5 முதல் 2 மி.மீ. வரை சலித்து, சாம்பல்நீர் போகும்வரை கழுவி, ஓர் இரவு ஊறவைத்த பிறகே நிரப்ப வேண்டும். ஊறாத கரி மிதக்கும். படுகையில் வழி விழுந்து நீர் அந்த வழியாகவே ஓடிவிடும். இதற்கு ‘வாய்க்கால் விழுதல்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே இருக்கட்டும், மாற்றாதீர்கள். கலங்கல் நீருக்கு முன்னால் மணல் வடிகட்டி. குளோரின் கரிக்குப் பின்னால்தான், முன்னால் போட்டால் கரியே அதைத் தின்றுவிடும்.

‘நீர்த் தூய்மி’ என்ற தலைப்பை மட்டும் நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன். உயிரிக்கரி கிருமியைக் கொல்லாது. நடுநிலை நீரில் அதன் பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால், அதே சுமை கொண்ட புளோரைடையும் நைட்ரேட்டையும் பிடிக்காது. புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிணறுகளுக்கு இது தீர்வு அல்ல. நேர்மின்சுமை கொண்ட சாயமான மெத்திலீன் நீலத்தை நன்றாகப் பிடிப்பதைப் பார்த்து எல்லாச் சாயத்தையும் பிடிக்கும் என்று எழுதவும் கூடாது; பருத்திக்குப் போடும் வினைபுரி சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. ‘நிறம், நாற்றம், சில கரிமப் பொருள்களுக்கான கரிப்படுகை’ என்று தலைப்பிடலாம். நீளம்தான், ஆனால் செய்யாததைச் செய்யும் என்று சொல்லாது.