மத்தேயு 5: "பாக்கியவான்கள்" என்றால் ஆசீர்வாதம் பெற்றவர்களா? வகுப்பில் எப்படி எடுப்பது?

ஞாயிறு_வகுப்பு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் வகுப்பில் மத்தேயு 5:3-12, அதாவது யார் யார் பாக்கியவான்கள் என்று இயேசு அடுக்கிச் சொல்லும் பகுதி, எடுக்க வேண்டும். ஆறு ஞாயிறு, தலா 45 நிமிடம். "பாக்கியவான்" என்றதும் பிள்ளைகளுக்கு வேலையும் வீடும் விசாவும் கிடைத்தவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அப்படியானால் துயரப்படுகிறவன் எப்படிப் பாக்கியவான் என்று கட்டாயம் கேட்பார்கள். இன்னொன்று, இந்தப் பாக்கியங்கள் எட்டா ஒன்பதா? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து நடத்தலாமா?

கிரேக்கப்_பாடம்:
கணக்கை முதலில் முடித்துவிடலாம். "பாக்கியவான்கள்" என்பதற்கான கிரேக்கச் சொல் "மகாரியோய்" ஒன்பது தடவை வருகிறது. 3 முதல் 10 வரை எட்டும் "அவர்கள்" என்று போகின்றன. 11-இல் "நீங்கள்" என்று மாறுகிறது, வாக்கியமும் நீள்கிறது. 10-இல் சொன்னதையே சீடர்களின் முகத்தைப் பார்த்து விரித்துச் சொல்வதுதான் 11-12. இதற்காகச் சண்டை வேண்டாம். எட்டும் நாலு நாலாகப் பிரியும், 6-லும் 10-லும் "நீதி" வந்து முடிக்கும். முதல் நாலு பேருக்கான கிரேக்கச் சொற்களும் "ப"வில் தொடங்குகின்றன: ப்தோகோய் (ஏழைகள்), பெந்தூந்தெஸ் (துயரப்படுகிறவர்கள்), ப்ராயிஸ் (சாந்தகுணமுள்ளவர்கள்), பெய்நோந்தெஸ் (பசியுள்ளவர்கள்). மனப்பாடத்துக்கென்றே கோத்த மாதிரி இருக்கிறது.

சொல்லின் பொருளுக்கு லூக்கா 1-ஐத் திறக்கச் சொல்லுங்கள். எலிசபெத் மரியாளிடம் ஒரே பேச்சில் இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறாள். 42-இல் "ஸ்திரீகளுக்குள்ளே நீ ஆசீர்வதிக்கப்பட்டவள்". 45-இல் "விசுவாசித்தவளே பாக்கியவதி". முன்னது "எவுலொகெயோ" என்ற வினையிலிருந்து வருவது. அதில் ஆசி கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். பின்னது "மகாரியா", ஒருத்தியின் நிலையைப் பார்த்து "உனக்கென்ன குறைச்சல்!" என்று சொல்வது. எபிரெயத்திலும் ஆசீர்வதிக்கப்பட்டவரைச் சொல்லும் "பாரூக்" வேறு, பாக்கியவானைச் சொல்லும் "அஷ்ரே" வேறு. சங்கீதப் புத்தகத்தின் முதல் சொல்லே "அஷ்ரே"தான். தமிழ் வாக்கிய அமைப்பினால் நம் பழைய மொழிபெயர்ப்பில் அது இரண்டாம் வசனத்தின் கடைசிக்குப் போய்விட்டது.

பேச்சுத் தமிழில் வேண்டுமானால் "கொடுத்துவைத்தவர்கள்" என்று சொல்லிப் பார்க்கலாம்.

மறைக்கல்வி:
அந்தச் சொல்லில்தான் எனக்குத் தயக்கம். முன்னே கொடுத்துவைத்தது இப்போது திரும்பி வருகிறது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. "பாக்கியம்" என்பதிலும் ஊழ் வாடை உண்டு. இங்கே பட்டியலில் நிற்கிறவர்களோ கொடுத்துவைக்க ஒன்றும் இல்லாதவர்கள். கரும்பலகையில் சொல்லை எழுதி, இந்த முரணையே பிள்ளைகளிடம் கேட்டுவிடுங்கள். முதல் வகுப்பு அதிலேயே ஓடிவிடும்.

ஒரு மொழிபெயர்ப்போடு நிற்க வேண்டாம். பழையதில் "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள், பரலோகராஜ்யம் அவர்களுடையது". 1995-இல் வந்த திருவிவிலியத்தில் "ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர், ஏனெனில் விண்ணரசு அவர்களுக்கு உரியது". கிரேக்கத்தில் "ஹோதி" இருக்கிறது, அதுதான் "ஏனெனில்". பழையதில் அது விழுந்துவிட்டதால், "இப்படி இருந்தால் இது கிடைக்கும்" என்று நிபந்தனையாக வாசித்துவிடுகிறோம். எட்டு நற்குணம், எட்டுப் பரிசு என்று அட்டவணை போடுவது இங்கிருந்துதான் வருகிறது. அப்போது துயரமும் ஒரு நற்குணம் ஆகிவிடும். அடிபடுகிறவளிடம் "பொறுத்துக்கொள், பாக்கியவதி" என்று சொல்லுமளவுக்கு அது போகும். இந்த இடத்தில் நான் கறார்.

காலத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். 3-லும் 10-லும் மட்டும் அரசு இப்போதே அவர்களுடையது. நடுவில் உள்ள ஆறும் எதிர்காலம். "ஆறுதல் பெறுவர்" என்றால் தருவது யார்? கடவுளின் பெயரைச் சொல்லாமல் செயப்பாட்டு வினையில் சொல்வது யூத வழக்கு.

பாடத்திட்டம்:
வாரத்துக்கு ஒன்று என்று போகாதீர்கள். ஆறு வாரத்தில் எட்டு அடங்காது. முதல் வாரம் சொல் மட்டும்: சங்கீதம் 1, லூக்கா 1. இரண்டாம் வாரம் தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் மத்தேயு, மறுபக்கம் லூக்கா 6:20-26 எழுதச் சொல்லுங்கள். லூக்காவில் நாலு பாக்கியம், நாலு "ஐயோ". "ஆவியில்" இல்லை, நேராகத் "தரித்திரராகிய நீங்கள்". மத்தேயுவை வைத்து லூக்காவைச் சமாதானப்படுத்தப் பார்ப்பார்கள், விடாதீர்கள். மூன்றாவது 3-4, ஏசாயா 61:1-3 உடன். ஐந்தாவது 7-9, ஆறாவது 10-12.

நாலாவது வாரத்துக்கு (5-6) நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். "சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்து" என்பது சங்கீதம் 37:11. அந்தச் சங்கீதத்தில் இந்த வாக்கு ஐந்து தடவை வருகிறது: 9, 11, 22, 29, 34. எபிரெயத்தில் "எரெட்ஸ்", அதற்கு நிலம் என்றும் பொருள். 14-ஆம் வசனத்தில் எளியவனை வீழ்த்தப் பட்டயம் உருவுகிறார்கள். அமைதியான சுபாவத்துக்குக் கிடைக்கிற பரிசாக இதை வாசிக்கவே முடியாது. "ப்ராயுஸ்" என்ற அதே சொல்லை மத்தேயு 11:29-லும் 21:5-லும் இயேசுவுக்கே போடுகிறார். இரண்டையும் வாசிக்க வையுங்கள்.

ஞாயிறு_வகுப்பு:
மிக்க நன்றி. "ஆவியில் எளிமை" என்றால் ஆடம்பரம் இல்லாத வாழ்க்கை என்று சொல்லலாமா?

கிரேக்கப்_பாடம்:
வேண்டாம். இன்றைய தமிழில் எளிமை என்றால் கதர்ச் சட்டைதான் நினைவுக்கு வரும். கூலி வேலை செய்து பிழைக்கிற ஏழைக்குக் கிரேக்கத்தில் "பெநேஸ்". இங்கே இருப்பது "ப்தோகோஸ்", கை ஏந்தினால்தான் சோறு. லூக்கா 16:20-இல் வாசலருகே கிடக்கிற லாசருவுக்கும், மாற்கு 12:42-இல் இரண்டு காசு போடுகிற விதவைக்கும் இதே சொல்தான். அந்த இரண்டு பேரையும் காட்டிவிட்டு, "ஆவியில்" இப்படி இருப்பது என்றால் என்ன என்று கேளுங்கள்.