பொருள்: பையன் எந்த ஆட்டத்தை விடுவது? (டோனி க்வின் பற்றி)

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

டல்லாஸ் தம்பி போன வாரம் கேட்டிருந்தார்: பையன் கூடைப்பந்தும் பேஸ்பாலும் ஆடுகிறான், ஒன்றை விடச் சொல்லலாமா என்று. நான் சான் டியாகோவில் இருக்கிறேன். இங்கே யாரைக் கேட்டாலும் முதலில் பேஸ்பால் ஆட்டக்காரர் டோனி க்வின் பெயரைத்தான் சொல்வார்கள்.

அவர் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது கூடைப்பந்துக்காக. பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். முதல் வருடம் முழுக்கக் கூடைப்பந்துதான், பேஸ்பால் மட்டையைத் தொட்டது இரண்டாம் வருடம். பந்தைத் தட்டித் தட்டித்தான் மணிக்கட்டு உரமேறியது, மட்டை வீச்சின் வேகம் அதில் வந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். தம்பி இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

1981 ஜூனில் ஒரே நாளில் இரண்டு தொழில்முறை அணிகள் டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவரை எடுத்தன. பேஸ்பாலுக்கு இந்த ஊர் அணியான பாட்ரேஸ், கூடைப்பந்துக்கு அப்போது இந்த ஊரில் இருந்த கிளிப்பர்ஸ். பாட்ரேஸுக்குப் போனார், 20 பருவங்களும் அங்கேயே ஆடினார். 3,141 அடிகள். பத்துத் தடவையில் மூன்று தடவை அடிப்பவனே பெரிய ஆட்டக்காரன் என்கிற ஆட்டத்தில், 1994இல் அவர் எட்டியது .394, அதாவது பத்துக்கு ஏறக்குறைய நான்கு. வெளியூர் ஆட்டங்களை மனைவி வீட்டு விசிஆரில் பதிந்து வைப்பார், இவர் உட்கார்ந்து தன் தப்பைத் தானே தேடுவார்.

ஓய்வு பெற்றதும் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். படித்த கல்லூரிக்கே திரும்பினார். ஒரு வருடம் சம்பளமில்லாமல் உதவியாளராக இருந்துவிட்டு, 2003 பருவம் முதல் தலைமைப் பயிற்சியாளர். அவரிடம் பயின்ற பந்து வீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் கல்லூரியில் முதல் வருடம் வந்தபோது உடம்பு கனத்து, பயிற்சிக்கே திணறியவர். அவரை முதலில் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் பந்து வீச வைத்தார் க்வின். 2009 டிராஃப்டில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர் அந்த ஸ்ட்ராஸ்பர்க்தான்.

2014 ஜூன் 16 அன்று க்வின் இறந்துபோனார். உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய், வயது 54. வாயில் அடக்கும் புகையிலைதான் காரணம் என்று அவர் நம்பினார். ஊரில் வெற்றிலையோடு புகையிலை போடும் நம் பெரியவர்களிடம் இதை ஒருமுறை சொல்லுங்கள். என் அப்பாவிடம் நான் சொல்லத் தவறிவிட்டேன்.

தம்பி, பள்ளி முடியும்வரை பையன் இரண்டையும் ஆடட்டும். கோடை விடுமுறைக்கு அவனை இங்கே கூட்டி வாருங்கள். கல்லூரி மைதானத்துக்கே க்வின் பெயர்தான். பாட்ரேஸ் மைதானத்தில் அவர் சிலையும் இருக்கிறது. நானே அழைத்துப் போய்க் காட்டுகிறேன். எங்கள் வீட்டிலேயே தங்கலாம்.