புதுப்பிப்பு: மூன்று புரொஜெக்டர், மூன்று வெள்ளை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் மூன்று புரொஜெக்டரை ஒட்டி ஒரே படமாகக் காட்டினால் நடுவில் உள்ளது மட்டும் மஞ்சளடிக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். சரியாகிவிட்டது.

மங்கலாகவும் இருந்த அந்த நடுப் புரொஜெக்டரைப் பிரகாசமாக்கப் பார்த்தது என் தப்பு. அதன் விளக்கு பழசு, அதற்கு மேல் முடியாது. மற்ற இரண்டையும் அதன் அளவுக்கு இறக்கினேன். மூன்றிலும் ஒரே பட மோட், ஒரே நிற வெப்பநிலை (வெள்ளை எவ்வளவு மஞ்சளாக அல்லது நீலமாகத் தெரியும் என்பதன் அளவு), அதாவது 6500 கெல்வின்; தானாக வெளிச்சத்தை மாற்றும் வசதிகளை அணைத்தேன். அப்புறம் வெள்ளைத் திரை போட்டு சிவப்பு, பச்சை, நீலத்தின் கெயினை (வெளிச்சமான பகுதிகளில் அந்த நிறத்தின் அளவு) மூன்றும் ஒத்துவரும்வரை குறைத்தேன். அடர் சாம்பல் திரை போட்டு ஆஃப்செட்டை (இருண்ட பகுதிகளில் அந்த நிறத்தின் அளவு) அதேபோல் சரிசெய்தேன். பச்சையில் கை வைக்க யோசியுங்கள், வெளிச்சத்தில் பெரும்பங்கு அதுதான். கண்ணை நம்பவில்லை, அது எதற்கும் பழகிவிடும். கைபேசி கேமரா தானாக நிறத்தை மாற்றாதபடி அதன் வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டு ஒப்பிட்டேன்.

முழுக் கறுப்பில் மட்டும் இரண்டு படம் சேரும் இடத்தில் வெளிறிய பட்டை தெரிகிறது. கல்யாணப் படங்களுக்கு நடுவே கறுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்?