டிஎஸ்எஸ் கொலைட்டிஸ்: ஒரே ஸ்லைடு, ரெண்டு பேர், ரெண்டு ஸ்கோர்

காட்பாடி_லேப்:
வணக்கம். பிளாக் 6 ரகச் சுண்டெலிக்குக் கொலைட்டிஸ் (பெருங்குடல் அழற்சி) வர வைக்க, 2.5% டிஎஸ்எஸ்ங்கிற ரசாயனத்தை 7 நாள் குடிதண்ணியில கொடுத்து, 8-ஆம் நாள் பெருங்குடலை எடுத்து சுவிஸ் ரோல் (நீளவாக்குல வெட்டி விரிச்சு, சுருளா சுத்துறது) போட்டோம். திசுவுக்கு நிறம் ஏத்த எச் அண்ட் ஈ ஸ்டெயின். குடல் சேதத்துக்கு 40-க்கு ஒருத்தர் 9 மார்க் போடுறார், அதே ஸ்லைடுக்கு இன்னொருத்தர் 22. பல இடத்துல கிரிப்ட் (குடல் உள்சுவர்ல இருக்கிற குழாய் மாதிரி சுரப்பி) நீளமா தெரியாம வட்டம் வட்டமா தெரியுது. வெறும் தண்ணி குடிச்ச கண்ட்ரோல்லயும் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) குவியல் இருக்கு. அதுக்கும் மார்க் உண்டா? கத்திரி வெயில்ல திசு பதிச்ச மெழுகு பிளாக் வேற இளகி, அதுல வெட்டுற செக்‌ஷன் சுருங்குது.

பாலாற்றங்கரை:
முதல்ல அந்த வட்டத்தைக் கவனிங்க தம்பி. கிரிப்ட் வளையல் மாதிரி தெரிஞ்சா கத்தி சாய்வா போயிருக்கு. அடியிலிருந்து எவ்வளவு கிரிப்ட் அழிஞ்சிருக்குன்னு அதுல பார்க்கவே முடியாது. அந்த இடத்துக்கு மார்க் போடாதீங்க.

எலி போன சில நிமிஷத்துலயே குடலை எடுத்துடணும். குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலை மொட்டை ஊசி வழியா மெதுவா விட்டுக் கழுவுங்க. வேகமா அடிச்சா மேல்தோல் உரிஞ்சு வந்து, புண் மாதிரியே காட்டும். மெசென்டரி (குடலைத் தாங்குற சவ்வு) ஒட்டியிருந்த கோட்டோட வெட்டி, உள்பக்கம் மேல தெரியுற மாதிரி ஃபில்டர் பேப்பர்ல விரிங்க. ஆசனவாய் முனையில ஆரம்பிச்சு ஈர்க்குச்சியில சுத்துங்க. கடைசிப் பகுதி சுருளோட நடுவுல வரும். டிஎஸ்எஸ் அதிகமா தாக்குறது அங்கதான். குடலைப் போல 10 மடங்குக்குக் குறையாம 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், 24 மணி நேரம், அப்புறம் 70% ஆல்கஹால்.

எம்பெட் பண்ணும்போது, அதாவது மெழுகுல பதிக்கும்போது, கொசுவத்திச் சுருளைத் தரையில வைக்கிற மாதிரி அச்சுல தட்டையா உட்காரணும். கொஞ்சம் சாய்ஞ்சாலும் ஒரு பக்கம் முழுக்க வட்டம்தான். பிளாக்கை வெட்டுற முகம் கீழ இருக்கிற மாதிரி ஐஸ்ல 10 நிமிஷம் வெச்சுட்டு 4 மைக்ரான்ல வெட்டுங்க. வாட்டர் பாத் 42–45 டிகிரி போதும்.

சத்துவாச்சாரி_பேத்:
மார்க் விஷயத்துக்கு வர்றேன். 40-க்குன்னா அழற்சி 0–3, ஆழம் 0–3, கிரிப்ட் சேதம் 0–4, ஒவ்வொண்ணையும் பரப்பால 1–4 பெருக்குறீங்க. ஒருத்தர் மைக்ரோஸ்கோப்புல மோசமான ஒரே ஃபீல்டைப் பார்த்து மார்க் போட்டு, இன்னொருத்தர் மொத்தச் சுருளையும் பார்த்தா இந்த அளவு வித்தியாசம் வரத்தான் செய்யும். பரப்புன்னா சுருளோட முழு நீளத்துல எத்தனை சதவீதம் பாதிப்புன்னு அர்த்தம்: 25% வரை 1, 50% வரை 2, 75% வரை 3, அதுக்கு மேல 4. கிரிப்ட்ல அடி மூணுல ஒரு பங்கு போனா 1, மூணுல ரெண்டு பங்கு போனா 2, மேல்தோல் மட்டும் மிஞ்சினா 3, அதுவும் இல்லேன்னா 4. சுருளின் நடு, வெளி ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் எழுதுங்க. சேர்த்து சராசரி எடுத்தா பாதிப்பு கரைஞ்சு போயிடும்.

கண்ட்ரோல்ல பார்த்தது லிம்பாய்டு ஃபாலிக்கிள், அதாவது லிம்போசைட் கூடியிருக்கிற முடிச்சு. சுண்டெலிப் பெருங்குடல்ல அது இயல்பு. விளிம்பு தெளிவா இருக்கும், உள்ள நியூட்ரோஃபில் (அழற்சியில வர்ற வெள்ளணு) இருக்காது, பக்கத்துக் கிரிப்ட் நல்லா இருக்கும். மார்க் வேணாம். நிஜ அழற்சின்னா நியூட்ரோஃபில் கிரிப்ட் உள்ளேயும் சுத்தியும் இருக்கும், சப்மியூக்கோசா (குடல் உள்தோலுக்கு அடியில இருக்கிற அடுக்கு) நீர் கோத்து அகண்டு தெரியும்.

லேபிளை மறைச்சுட்டு, முதல்ல 10 ஸ்லைடு ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்க. அதுக்கப்புறம் தனித்தனியா.

காட்பாடி_லேப்:
ரொம்ப நன்றி சார். சாய்ஞ்ச பழைய பிளாக்கை என்ன செய்யறது?

பாலாற்றங்கரை:
60 டிகிரியில மெழுகை உருக்கி, சுருளைத் திருப்பி வெச்சு மறுபடி ஊத்துங்க. ஃபார்மலின்லயே முறுக்கிட்டு இறுகிப் போன சுருள்னா அது நிமிராது. அந்த எலியை ஸ்கோர்ல சேர்க்காதீங்க, ஏன் விட்டீங்கன்னு மட்டும் எழுதி வெச்சுக்கங்க.