புதுப்பிப்பு: லூசிட் ட்ரீமுக்கு பி6 போட்டுப் பார்த்தேன்

லூசிட் ட்ரீம், அதாவது கனவு என்று தெரிந்தே காணும் கனவு வர வைட்டமின் பி6 உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சிலர் கலான்டமின் என்ற மருந்தைப் பரிந்துரைத்தீர்கள்.

பி6 போட்ட இரவுகளில் கனவுகள் நன்றாக நினைவில் நின்றன. கனவுக்குள் விழிப்பு? ம்ஹூம். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்விலும் 240 மி.கி. எடுத்தவர்களுக்குக் கூடியது கனவு நினைவுதான். நம் தினசரித் தேவையோ சுமார் 2 மி.கி.! அதிக அளவில் நீண்டநாள் எடுத்தால் நரம்பு பாதித்து கைகால் மரத்துப்போகும். அதனால் நிறுத்திவிட்டேன்.

கலான்டமினுக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. 2018-இல் லூசிட் ட்ரீம் ஆய்வாளர் ஸ்டீபன் லபெர்ஜின் குழு 121 பேரிடம் சோதித்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரையில் 14% பேருக்கு லூசிட் ட்ரீம் வந்தது, கலான்டமின் 4 மி.கி.யில் 27%, 8 மி.கி.யில் 42%. ஆனால் மாத்திரை மட்டும் காரணமில்லை. நாலரை மணி நேரம் தூங்கி எழுந்து, மாத்திரை போட்டு, அரை மணி விழித்திருந்து, 'அடுத்த கனவில் இது கனவென்று உணர்வேன்' என்று மனதில் பதித்துவிட்டுத்தான் மறுபடி படுத்தார்கள். போலி மாத்திரைக்கே 14% வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தவிர, கலான்டமின் அல்சைமர் நோய்க்கான மருந்து. குமட்டலும் வரும், இதயத் துடிப்பும் குறையலாம். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று மருந்துக்கடை அண்ணன் சொல்லிவிட்டார், நல்லதுதான். இப்போதைக்கு நடுவில் எழ அலாரமும், கனவுகளை எழுதிவைக்க ஒரு நோட்டும் போதும்.