"ஃபியட்டா வாங்கப் போறே?" – பழைய இத்தாலி வண்டி வாங்கியவர்களின் அனுபவம்

மதுரையிலிருந்து:

பழைய ஃபியட் புன்டோ வாங்கலாமா என்று கேட்டு மாசத்துக்கு ரெண்டு பேராவது எனக்கு போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் சொல்வதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். என்னுடையது 2012 மாடல் கிராண்டே புன்டோ, 1.3 மல்டிஜெட் டீசல். 2021-ல் வாங்கும்போது 74,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 1,31,000.

வண்டி தேடுகிறேன் என்றபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. ஃபியட் என்றதும்தான் ஆரம்பித்தது. "மாமா, பேசாம ஸ்விஃப்ட் வாங்குங்க, விக்கும்போது போட்ட காசாவது கைக்கு வரும்" என்றான் மச்சான். புரோக்கர் ஒருவர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். "சார், வாங்குறது ஈஸி. ஸ்பேர் கிடைக்காது, திருப்பி விக்க ஆள் கிடைக்காது. எதுக்கு சார் வம்பு?"

பெரியப்பா மட்டும்தான் வாங்கச் சொன்னார். காரைக்குடியில் அவரிடம் பிரீமியர் பத்மினி இருந்தது, ஃபியட் வடிவமைப்பில் பிரீமியர் கம்பெனி இங்கே தயாரித்த கார். ஆர்.சி. புக்கில்தான் பத்மினி, தெருவில் எல்லோருக்கும் அது ஃபியட்டு. 1089 சிசி பெட்ரோல் இஞ்சின், ஸ்டீரிங் பக்கத்திலேயே கை கியர். ஏழு பேர் ஏறிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போவோம். "ஒருநாளும் நடுரோட்ல விட்டதில்லடா" என்பார் இப்போதும். பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினிகளில் கடைசி வண்டி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது. அதுவும் வண்டி ஓடாமல் போனதால் இல்லை, டாக்ஸிக்கு இருபது வயது வரம்பு என்பதால்.

பெரியப்பா காலத்தில் நம்பிக்கையைத் தந்த பெயர் என் காலத்தில் ஏன் பயத்தைத் தருகிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முதலில் பிரீமியரோடு கூட்டு, பிறகு டாடா ஷோரூம்களில் விற்பனை, 2012-க்குப் பிறகு தனி ஷோரூம், 2019-ல் இந்தியாவில் விற்பனையே நின்றுபோனது. ஒவ்வொரு முறை ஏற்பாடு மாறும்போதும், காசு போட்டு வண்டி வாங்கியவர்தான் எங்கே சர்வீஸ் விடுவது என்று தெரியாமல் நின்றார். கெட்ட பேரில் பாதிக்கு மேல் அப்படி வந்தது என்பது என் முடிவு.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், பானட்டுக்குள் இருக்கும் அந்த 1248 சிசி இஞ்சின்தான் மாருதி ஸ்விஃப்டிலும் டிசையரிலும் டீசலாக ஓடியது. டாடா விஸ்டாவிலும் அதே. நம் ஊரில் டிசையர் கால் டாக்ஸி எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது என்று டிரைவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே ராசியான இஞ்சின், புன்டோவுக்குள் வந்ததும் ராசியில்லாத இஞ்சின் ஆகிவிடுமா?

அதனால் வண்டிக்கு முன்னால் மெக்கானிக்கைத் தேடினேன். மாட்டுத்தாவணி பக்கம் டிசையர் டாக்ஸிகளை மட்டுமே பார்க்கும் ஒரு அண்ணன். "புன்டோவா? இஞ்சின் நம்ம இஞ்சின்தான், கண்ணை மூடிக்கிட்டு கழட்டுவேன். கீழ சஸ்பென்ஷனும் ஒயரிங்கும்தான் வேற. நீங்க பார்ட்ஸ் வாங்கிக் குடுத்துருவீங்கன்னா நான் பாக்குறேன்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் துணிந்தேன்.

மூணு மாசத்தில் நாலு வண்டி பார்த்தேன். திண்டுக்கல்லில் ஒன்று, மீட்டரில் 48,000 காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. டெல்லி நம்பர் ஒன்று விலை மலிவாக வந்தது. அப்போது அங்கே பத்து வருஷமான டீசல் வண்டிக்கு ஓட அனுமதி இல்லாததால் தெற்கே நிறைய வந்தன. வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) பேப்பர் சரியில்லை, விட்டுவிட்டேன். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாலாவது வண்டி எஸ்.எஸ். காலனியில், பேங்கில் ஓய்வு பெற்ற ஒருவருடையது. போனில் பேசும்போதே அவர் சொன்னது: "தம்பி, காலையில ஆறு மணிக்கு வாங்க. நேத்து ராத்திரியில இருந்து வண்டியத் தொடாம வச்சிருக்கேன். நீங்களே ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க."

இதைச் சொன்ன ஆளை அப்போதே பிடித்துவிட்டது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க இந்த இஞ்சினில் பெல்ட் கிடையாது, டைமிங் செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டினால் செயின் தளர்ந்துவிடும். தளர்ந்த செயின் ராத்திரி முழுக்க ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில விநாடிகளில் கரகரவென்று காட்டிக்கொடுக்கும். சூடேறிய பிறகு அமுங்கிவிடும். விற்கிறவர்கள் பலர் நாம் போவதற்கு முன்பே ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

போனதும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பனி ஈரம் கையில் ஒட்டியது. சாவியைத் திருப்பினேன். டீசலுக்கே உரிய அந்தத் தட்டல், அதற்குக் கீழே வேறு சத்தம் எதுவும் இல்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பழுப்பு ஃபைலைப் பிரித்தார். முதல் சர்வீஸ் பில்லிலிருந்து எல்லாம் வரிசையாகத் துளையிட்டுக் கோர்த்திருந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் கிலோமீட்டர். பத்தாயிரம் தாண்டி ஒரு ஆயில் மாற்றம்கூடத் தள்ளிப்போகவில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் ரெண்டாவது சாவியும், சாவியோடு வந்த குறியீட்டு அட்டையும். அந்த அட்டை தொலைந்தால் புதுச் சாவி போடுவது பெரும்பாடு. 1,65,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை.

இனி செலவுக் கணக்கு. ரெண்டாவது மாதம் முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டினேன். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீரிங் ராக்கே போய்விட்டது, 38,000 ஆகும் என்றார்கள். ஒருநாள் முழுக்க மனசு கலங்கிப் போயிருந்தேன், ஊர் சொன்னது சரிதானோ என்று. மறுநாள் டாக்ஸி அண்ணன் வண்டியைத் தூக்கி, லீவரை வைத்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மை ஒரு நெம்பு நெம்பினார். புஷ் ரப்பர் விண்டு கிடந்தது. "ராக்கு நல்லா இருக்கு சார். ஒன்பது வருஷ ரப்பர், பின்ன விரியாதா?" புஷ்ஷும் லிங்க் ராடும் சேர்த்து 6,500.

ஒரே ஒருமுறை வழியில் நின்றேன். தேனி போகும்போது உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் வண்டிக்கு இழுவையே இல்லை, பின்னால் கறுப்புப் புகை. டர்போவிலிருந்து காற்றைக் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ் வாய்பிளந்திருந்தது. வழியில் ஒரு டிராக்டர் மெக்கானிக் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, ரெண்டு கிளாம்ப் போட்டு முறுக்கி அனுப்பினார். நூறு ரூபாய்தான் வாங்கிக்கொண்டார். அந்தக் கட்டோடு தேனி போய்த் திரும்பி மதுரை வந்தேன்.

நிஜமான கஷ்டம் காத்திருப்புதான். ஆட்டோ இடித்து ஹெட்லைட் உடைந்தபோது புதுசு வந்து சேர 23 நாள் ஆனது. சென்னை புதுப்பேட்டையில் பழசு கிடைத்திருக்கும், நான் பொறுத்துக்கொண்டேன். நாலு வருஷத்தில் டயர், பேட்டரி, ஆயில் எல்லாம் சேர்த்து 71,000 ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் மீறி ஏன் வைத்திருக்கிறேன் என்றால், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது வாருங்கள், காட்டுகிறேன். இந்த வண்டியின் பவர் ஸ்டீரிங் ஹைட்ராலிக். கரண்டில் ஓடும் இந்தக்கால ஸ்டீரிங் மாதிரி லேசாக இருக்காது. ஆனால் ரோட்டில் உள்ள மணல்கூட உள்ளங்கையில் தெரியும். 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டர்போ தூங்கும், கொண்டை ஊசி வளைவில் தயங்காமல் ஃபர்ஸ்ட் கியருக்கு வந்துவிட வேண்டும். அது பழகிவிட்டால் வளைவில் வண்டி உடம்போடு ஒட்டிக்கொண்டு திரும்புகிறது. குழியில் இறங்கினாலும் அதிர்வு முதுகுக்கு வருவதில்லை. இடுப்பு வலிக்காரரான என் அம்மா வேறு எந்த வண்டியிலும் கொடைக்கானல் வர ஒத்துக்கொள்வதில்லை.

*

சுவிஸிலிருந்து:

மதுரை அண்ணா எழுதினதை வாசிச்சவுடன எனக்கு என்ர அல்ஃபா நினைவுதான் வந்தது. நான் பேர்ண் பக்கம் இருக்கிறன். 2006 இல 4,200 பிராங்குக்கு ஒரு அல்ஃபா ரோமியோ 156 வாங்கினனான், அதுவும் ஃபியட் கொம்பனியின்ர கார்தான். 2.0 ட்வின் ஸ்பார்க் பெற்றோல். பின்கதவுக் கைபிடி கண்ணாடியோட ஒளிஞ்சிருக்கும், இலக்கத் தகடு நடுவில இல்லாமல் ஒரு பக்கமா இருக்கும். 1998 இல ஐரோப்பாவின்ர சிறந்த கார் எண்ட விருது எடுத்தது அது. அந்த வடிவுக்குத்தான் நான் மயங்கினனான், மறைக்கேல்ல.

அப்ப ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில வேலை. என்னோட வேலை செய்த இத்தாலிக்காரர் ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி, "சான்ரீமன் எப்ப மாத்தினது?" டைமிங் பெல்ட்டை இஞ்ச எங்கட ஆக்களும் அப்பிடித்தான் சொல்லுறவை. வித்தவர் மாத்தியாச்சு எண்டு வாயால சொன்னவர். சேர்விஸ் புத்தகத்தில முத்திரை இல்லை. நான் அவற்ர வாயை நம்பினனான்.

112,000 கிலோமீற்றரில, ஓல்ட்டன் கிட்ட ஓட்டோபானில பெல்ட் அறுந்தது. சத்தம் பெருசா இல்லை. ஒரு "டக்", பிறகு காரின்ர முழுச் சத்தமும் நிண்டிட்டுது. இந்த இஞ்சினில பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில அடிக்கும். திறந்து பார்க்க வால்வுகள் வளைஞ்சு கிடந்தது. அந்தப் பெல்ட்டுக்கு முதல் சொல்லியிருந்த இடைவெளியைப் பிறகு பாதியாக் குறைச்சிட்டினம் எண்டது இஞ்ச எல்லா அல்ஃபா மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்குத் தெரியேல்ல. திருத்துற காசு காரின்ர விலையை விடக் கூட. அந்தக் காரைப் பாகங்களுக்குக் குடுத்தனான்.

பிறகு மனுசி எவ்வளவோ தடுத்தும் இன்னொரு 156 வாங்கினனான், 1.9 ஜேடிடி டீசல். ஒரு விசயம் சொல்லவேணும்: கொமன் றெயில் (ஒரே குழாயில டீசலைக் கூடின அழுத்தத்தில வச்சு எல்லா சிலிண்டருக்கும் தெளிக்கிற முறை) டீசல் இஞ்சினோட விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார் 1997 இல வந்த இந்த 156தான். மதுரை அண்ணாவின்ர மல்டிஜெட் இதுக்குப் பேரன் முறை. இந்த முறை முத்திரை இருக்கோ இல்லையோ எண்டு பாக்கேல்ல. வாங்கின கிழமையே பெல்ட், தண்ணிப் பம்ப் ரெண்டையும் புதுசாப் போட்டனான். முன் சஸ்பென்ஷனின்ர மேல் கை கீச்சு கீச்செண்டு கத்தும், அது 156 காரர் எல்லாருக்கும் தெரிஞ்ச சத்தம். ரெண்டு தரம் மாத்தினனான். கார் றோட்டில ஓடத் தகுதியோ எண்டு இஞ்ச அரசாங்கம் பாக்கிற எம்.எஃப்.கா பரிசோதனை மூண்டு தரம் பிரச்சினை இல்லாமல் பாஸ். 2019 வரைக்கும் வச்சிருந்தனான். மூத்த மகள் அதிலதான் ஓடப் பழகினவ.

*

கோவையிலிருந்து:

வணக்கமுங்க. நான் வித்துட்ட ஆளு. அந்தப் பக்கத்தையும் சொல்லோணும்னுதான் எழுதறேன். ஃபியட் லினியா டி-ஜெட் வச்சிருந்தேன், டர்போ பெட்ரோல். அவினாசி ரோட்டுல அந்த வண்டி போற போக்கு இருக்குதுங்களே, இன்னைக்கும் கனவுல வருது.

ஆனா எங்க வீட்டுல ஒரே வண்டிங்க. குழந்தைகளை ஸ்கூலுக்கு விடோணும், அப்பாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். கிளட்ச் சிலிண்டர் தேஞ்சு போச்சுங்க. பத்து வருச வண்டியில அது சகஜம்தான், வண்டிமேல குத்தம் சொல்லலை. உக்கடத்துல தேடினேன், கிடைக்கலை. ஆர்டர் போட்டு வர 41 நாள் ஆச்சு. அத்தனை நாளும் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில கூட்டிட்டுப் போனேன். மழையில டாக்ஸிக்குக் காத்துட்டு அவரு நின்ன ஒருநாள்தான் முடிவு பண்ணினேன். வீட்டுல ரெண்டாவது வண்டி இல்லாதவங்க தயவுசெஞ்சு இதை யோசிச்சுக்கோங்க.

இப்ப அப்பா இல்லைங்க. மறுபடியும் ஒரு புன்டோ பாக்கலாமான்னு மனசு இழுக்குது. மதுரைக்காரரே, செயின் சத்தம்னு எழுதியிருந்தீங்க. நல்ல வண்டியில அந்த முதல் அஞ்சு விநாடி எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. நான் பெட்ரோல்தான் ஓட்டினேன்.

*

மதுரையிலிருந்து:

அப்பா விஷயம் மனசை என்னவோ செய்துவிட்டது. நீங்கள் விற்றது சரி, நானாக இருந்தாலும் விற்றிருப்பேன். எங்கள் வீட்டில் மச்சானின் ஸ்விஃப்ட் பக்கத்துத் தெருவிலேயே நிற்பதால்தான் 23 நாள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை ராத்திரி கிளம்பி மதுரைக்கு வந்துவிடுங்கள், வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். சாயங்காலத்துக்கு மேல் நான் வண்டியைத் தொட மாட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீங்களே சாவியைத் திருப்பிக் கேளுங்கள்.